நல்லாத்தான் பேசினேன்

விநாசித்தம்பி ஐயாவின் வீட்டு வாசலில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்றில், நாய் இருக்கிறது, கவனம் என்று மலாயில் எழுதியிருந்தது. மற்றதில் அவர் பெயரும், பெயருக்குப் பின்னால் மாநில விருதின் மூன்று எழுத்துகளும், அதற்குக் கீழே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்ற சொற்களும் இருந்தன. நாய் செத்து நாலு வருஷம். அவர் ஓய்வு பெற்றும் நாலு வருஷம். இரண்டு பலகைகளையும் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

1997 ஜூன் மாதம் அந்த வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் தினமும் செத்துக்கொண்டிருந்தது.

"செத்துப்போச்சு எண்டு நான் சொல்லேல்லை. அதுவே சொல்லுது," என்றார் அவர் டெலிபோனில். "நீலத் திரையிலை ஃபேட்டல் எண்டு எழுதிக் காட்டுது. ஃபேட்டல் எண்டால் மரணத்தை விளைவிக்கக்கூடியது. எனக்கு ஒருத்தரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. வந்து திருத்தித் தந்தால் காணும்."

மறுமுனையில், பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. அதன் முதலாளியும் வேலையாளும் ருக்குமணிதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்த பிறகு போட்ட கடை. பெயர் என்னங்க என்று கேட்டாள். அவர் மூன்று எழுத்துகளையும் சேர்த்தே சொன்னார். பேனா 'விநா' என்ற இடத்தில் நின்றது.

"கோர்ட்டுல இருந்தீங்களா ஐயா?"

"முப்பத்தாறு வருஷம். ஒரு பிழை இல்லை."

வீட்டு வேலைக்கு அவள் போவதில்லை. பெட்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்வாள். அன்றைக்கு, "நாளைக்குக் காலைல நானே வர்றேன்," என்றாள்.

பத்தொன்பது வருஷமாக அந்தப் பெயரை அவள் துருப்பிடிக்காமல் வைத்திருந்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பா வேலு, சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டினார். அம்மாவுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்கத் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் போனார். கிராணி, இவன் என்னைத் திட்டி மிரட்டினான் என்று புகார் எழுதிவிட்டான். கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் நின்ற வேலுவிடம், கிராணியிடம் போய் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். அவர் கைகட்டிக்கொண்டு, "நான் நல்லாத்தாங்க பேசினேன்," என்றார். கறுப்புக் கோட்டுப் போட்ட மொழிபெயர்ப்பாளர் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து மணி அடித்ததுபோல் ஆங்கிலத்தில் சொன்னார்: நான் அவனை நன்றாகத் திட்டினேன். ஸ்கோல்டட்.

பின்வரிசையில் இருந்த ருக்குமணிக்கு அந்த ஒரு சொல் தெரியும். அம்மா என்னைத் திட்டினாள் என்று ஆங்கிலப் பாடத்தில் இருந்தது. எழுந்து நின்று சொல்ல வாய் வரவில்லை. மாஜிஸ்திரேட் புன்னகைத்தார். குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது. வேலை போயிற்று. தோட்டத்து லைன் வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அப்பா அவளைக் கேட்டார்: "நான் என்னம்மா தப்பா சொன்னேன்?"

அதன் பிறகு வேலு, வாய் திறந்தால் என்ன வெளியே வருமோ என்று பயந்தவர்போல, கேட்டதற்குத் தலையாட்டும் மனிதராகிப்போனார். தோட்டத்துக்காரனிடம் எதையோ வாங்கிக்கொண்டு அந்த மொழிபெயர்ப்பாளன் பொய் சொன்னான் என்று ருக்குமணி முடிவு செய்தாள். கோர்ட் வாசலிலேயே அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான் அன்றைக்கு அவளால் முடிந்தது.

*

கம்ப்யூட்டர் சாமி அறையில் இருந்தது. கல்விக்கான பொருள் கலைமகள் படத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்பது விநாசித்தம்பியின் தீர்ப்பு. பெட்டியின் நெற்றியில் மூன்று பட்டை திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு. பக்கத்தில் சாம்பிராணித் தட்டு.

"ஒவ்வொருக்கா செத்து எழும்பேக்கையும் திருநீறு பூசுறனான்," என்றார். "இப்ப ஒரு நாளைக்கு ஆறு தரம் பூச வேண்டிக் கிடக்கு."

பெட்டியின் பின்பக்க விசிறி எதை உள்ளே இழுக்கிறது என்று ருக்குமணிக்கு அப்போதே புரிந்தது. சொல்லவில்லை. தொழிற்சாலையில் பழகிய வழக்கம்: ஒரு கோளாறு கண் முன்னால் மூன்று தடவை நடக்கிற வரைக்கும் கை வைக்கக் கூடாது.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் திரையருகே நின்றார். வீட்டிலும் அவர் கோர்ட்டில் நிற்பதுபோலத்தான் நிற்பார் போலிருந்தது.

"பிள்ளை, நீர் ஆங்கிலம் படிச்சனீரோ?"

"கொஞ்சம் தெரியும்லா ஐயா."

"கொஞ்சம் காணாது. இது சட்ட ஆங்கிலம். ஃபேட்டல் எக்ஸெப்ஷன். வக்கீல் எழும்பி, ஐ டேக் எக்ஸெப்ஷன் எண்டால் ஆட்சேபணை எண்டு அர்த்தம். ஆகவே இது உயிர்போக்கும் ஆட்சேபணை. முந்தாநாள் இன்னும் மோசம். இல்லீகல் ஆப்பரேஷன் செய்துபோட்டீர் எண்டது. கோர்ட்டிலை முப்பத்தாறு வருஷம் இருந்தவனைப் பார்த்துச் சட்டவிரோதமாம். மன்னிப்புக் கேக்கச் சொல்லிக் கடிதம் எழுதிப்போட்டன்."

"யாருக்கு ஐயா?"

"பெட்டி விற்ற கம்பெனிக்கு. பதில் இல்லை. குற்ற உணர்வு."

அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எப்போது சாகிறது என்று கேட்டாள். அவர் சுயசரிதை எழுதுகிறார், ஆங்கிலத்தில். 'முப்பத்தாறு ஆண்டுகள், ஒரு பிழையும் இல்லை' என்பது தலைப்பு. பன்னிரண்டு அத்தியாயம். மற்றவை எல்லாம் திறக்கின்றன. ஏழாவதைத் திறந்தால் மட்டும் பெட்டி நீலமாகிவிடுகிறது. அடுத்த மாதம் வெளியீட்டு விழா, நாளைக்கு அச்சகத்துக்கு ஃபிளாப்பி கொடுக்க வேண்டும். வேறு பிரதி கிடையாது.

ருக்குமணி ஏழாவது அத்தியாயத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தில் அவர் விருது வாங்கும் படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. விருதுக்குப் போட்ட தொப்பி வரைக்கும் வந்தது. முகம் வருவதற்குள் திரை நீலமானது. வெள்ளை எழுத்தில் ஒரு வாக்கியம், நடுவில் ஒரு நீண்ட எண். அவள் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டாள்.

"உயிர்போக்கும் ஆட்சேபணை," என்றார் அவர் திருப்தியோடு.

"ஆட்சேபணை இல்லங்க ஐயா. எதிர்பாக்காதது ஒண்ணு நடந்துபோச்சு, இதுக்கு மேல என்னால போக முடியாதுன்னு மெஷின் சொல்லுது. இந்த நம்பர்தான் முக்கியம், எந்த இடத்துல விழுந்துச்சுன்னு காட்டும். மூணு தடவையும் ஒரே இடத்துல விழுந்தா ஏதோ ஒரு புரோகிராம் சரியில்ல. வேற வேற இடத்துல விழுந்தா மெமரி."

"சாட்சி முன்னுக்குப் பின் முரணாச் சொல்லுது எண்டுறீர்."

"அதேதான்."

அன்று காலை அவர் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

பெட்டி மறுபடி உயிர்பெற்று வர நேரம் எடுத்தது. இடைவெளியை விநாசித்தம்பி வீணாக்குகிறவர் இல்லை.

"ஏழாவதுதான் புத்தகத்தின்ரை உயிர். விருந்துகளிலை நான் சொல்லுற கதை. கேட்ட ஒருத்தரும் சிரிக்காமல் விட்டதில்லை. எழுபத்தெட்டாம் ஆண்டு, ஒரு தோட்டத்தான். வேலு எண்டு பேர். வக்கீல் ஒரு கேள்வி கேட்ட உடனையே, தன்ரை வாயாலையே ஒப்புக்கொண்டான், கிராணியை நல்லா ஏசினனான் எண்டு. கோர்ட் முழுக்கச் சிரிப்பு. தன்ரை கழுத்துக்குத் தானே கயிறு கொண்டுவந்து தந்தவன் எண்டு எழுதியிருக்கிறன்."

ருக்குமணியின் கண் திரையில் இருந்தது. கை நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. இரண்டாவது தடவை பெட்டி செத்தது. வேறு எண். எழுதிக்கொண்டாள்.

அப்போது அவர் மனைவி யோகலட்சுமி தேநீர் கொண்டுவந்தார். நல்ல மனுஷி. பிஸ்கட்டும் வைத்தார்.

"குடியும் பிள்ளை. எப்பிடியாவது திருத்திப்போடும். காலமை தொடக்கம் இவர் என்னைப் பேசிக்கொண்டே இருக்கிறார்."

"பேசிக்கிட்டிருந்தா நல்லதுதானே ஆன்ட்டி. எங்க அப்பா வீட்டுல வாயே திறக்க மாட்டாரு."

யோகலட்சுமி சிரித்தார். "ஐயோ, கதைக்கிறதில்லைப் பிள்ளை. பேச்சு. ஏச்சுத்தான். இந்தப் பெட்டி செத்தால் எனக்குத்தான் பேச்சு விழும். நேற்று, நீ தூசி தட்டினதாலைதான் எண்டு நல்லாப் பேசிப்போட்டார்."

ருக்குமணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

நல்லாப் பேசிப்போட்டார்.

"ஐயா," என்றாள். குரல் சாதாரணமாகவே வந்தது. "அந்த ஆளு தமிழ்ல என்ன சொன்னாரு? ஞாபகம் இருக்கா?"

"நினைவோ. அப்பிடியே சொல்லுவன்." அவர் கைகட்டினார், முதுகை வளைத்தார், குரலைத் தோட்டத்துக்கு அனுப்பினார். "நான் நல்லாத்தாங்க பேசினேன்."

"கதைக்கிறதை, பேசுறதுன்னு நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"கதைக்கிறதை வேறை என்னெண்டு சொல்லுறது? கதைக்கிறதுதான்."

"அந்த ஆளுகிட்ட, பேசினேன்னா என்ன அர்த்தம்னு திருப்பிக் கேட்டீங்களா?"

விநாசித்தம்பி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "தமிழனைத் தமிழன் அர்த்தம் கேக்கிறதோ? அதுவும் தோட்டத்துத் தமிழை. அதிலை அர்த்தம் எங்கை கிடக்கு? வந்ததை மொழிபெயர்க்கிறது என்ரை தொழில், பிள்ளை. பேப்பர் தந்தால் வாசிப்பன், சாட்சி சொன்னால் சொல்லுவன். பொருளைப் பற்றிக் கவலைப்படுறது நீதிபதியின்ரை வேலை."

ஆக, லஞ்சமும் இல்லை, சதியும் இல்லை. பத்தொன்பது வருஷமாக அவள் ஒரு கொடியவனை வளர்த்து வைத்திருந்தாள். அவனுக்குத் தந்திரம் கொடுத்திருந்தாள், நள்ளிரவில் தோட்டத்துத் துரையோடு பேரம் பேச வைத்திருந்தாள். இங்கே நின்றுகொண்டிருந்ததோ பொய் சொல்லக்கூடத் தகுதியில்லாத ஆள். இரண்டு சொல் கேட்டிருந்தால் போதும்: அப்படின்னா என்னப்பா. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. வேண்டுமென்றே செய்திருந்தால் ஒருவேளை அவள் மனம் இதைவிடக் குறைவாக எரிந்திருக்கும்.

மூன்றாவது தடவையும் பெட்டி நீலமானது. மூன்றாவது எண். மூன்றும் மூன்று இடம்.

"மெமரிதான். பெட்டியைத் திறக்கணும்," என்றாள்.

"பிரேதப் பரிசோதனையை நான் நிண்டு பார்க்கிறதில்லை," என்று அவர் வராந்தாவுக்குப் போய்ப் பத்திரிகையை விரித்தார். யோகலட்சுமி சமையலறைக்குப் போனார்.

மூடியைக் கழற்றியதும் சாமி அறை மணத்தது. விசிறி இறக்கைகளில், கம்பிகளில், போர்டின் மேல், எங்கும் மெல்லிய சாம்பல். இரண்டு மெமரிப் பட்டைகளையும் கிளிப்பை விலக்கி மெல்லச் சாய்த்து எடுத்தாள். அடிவிளிம்பின் தங்கப் பற்கள் மங்கி, இடுக்குகளில் திருநீறு அடைத்திருந்தது. சிறிய அத்தியாயங்கள் முதல் பட்டையிலேயே அடங்கிவிட்டன. ஏழாவதில் அவர் முகம் பெரிது. முழு நினைவையும் கேட்டது. இரண்டாம் பட்டைக்குப் போனதும் தடுக்கி விழுந்தது. சாவதும் பூசுவதும், பூசியதால் சாவதுமாக ஒரு மாதம் ஓடியிருக்கிறது.

கைப்பையிலிருந்து பள்ளிக்கூட ரப்பரை எடுத்துப் பற்களைத் தேய்த்தாள். தூரிகையால் குழிகளைத் துடைத்தாள். திரும்பப் பொருத்தினாள். பெட்டி பதினாறு மெகாபைட்டையும் குறையில்லாமல் எண்ணி முடித்தது. அடுத்து ஃபிளாப்பியில் பிரதி எடுக்கப் பார்த்தாள். அந்த டிரைவும் சாம்பல் தின்றிருந்தது. கறுப்புத் திரையில் கேள்வி வந்தது.

"என்ன சொல்லுது?" வராந்தாவிலிருந்து குரல்.

"மூணுல ஒண்ணு சொல்லச் சொல்லுது ஐயா. அபார்ட், ரீட்ரை, ஃபெயில்."

பத்திரிகை மடங்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. "இதென்ன கேள்வி. ரீட்ரை. மறுவிசாரணை. கிடைக்கிற இடத்திலை மறுவிசாரணை கேக்காமல் விடக்கூடாது, பிள்ளை. அது உரிமை."

"சரிங்க ஐயா," என்றாள் ருக்குமணி.

டிரைவைத் துடைத்தாள். பிறகு ஏழாவது அத்தியாயத்தைத் திறந்தாள். தொப்பி இறங்கியது, முகம் இறங்கியது, பெட்டி சாகவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அழித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அழித்தால் அவர் விருந்துகளில் சொல்லிக்கொண்டேதான் இருப்பார். அவள் எதையும் அழிக்கவில்லை. ஒரு சொல்லை மாற்றினாள். கயிற்றைப் பற்றிய வாக்கியம் இருந்த இடத்தில் வேறு ஆறு வாக்கியம் வைத்தாள். அவருடைய நடையிலேயே எழுதினாள். அது கஷ்டமில்லை, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் தானாக வந்தது.

பிறகு அவரைக் கூப்பிட்டாள்.

"பெட்டி நல்லாயிடுச்சு. ஏழாவது திறந்தே இருக்கு ஐயா. ஒன்பதாம் பக்கம். அச்சுக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க."

அவர் வாசற்படியிலேயே நின்றார். கண்ணாடி வராந்தாவில் இருந்தது. "நான் எழுதினதை நானே ஏன் வாசிக்கவேணும்?"

"எதுக்கும் ஒரு தடவை."

"தலைப்பைப் பாரும், பிள்ளை."

அவள் தலைப்பைப் பார்த்தாள். ஃபிளாப்பியில் பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இனிமேல் பெட்டிக்குத் திருநீறு பூச வேண்டாம், உங்க நெற்றியில் மட்டும் பூசுங்க என்றாள்.

*

சங்க மண்டபத்தில் விழா. மேடைக்கு முன் முதல் வரிசையில் சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற நீதிபதி. எழுபத்தெட்டில் புன்னகைத்த மாஜிஸ்திரேட் அவர்தான், பதவியோடு சேர்ந்து இடுப்பும் பெருத்திருந்தது. அவருக்கு அடுத்து யோகலட்சுமி. பின்னால் கார்த்திகேசு, பழைய வக்கீல், காது மந்தமானாலும் வேண்டியது கேட்கும்.

கடைசி வரிசையில் ருக்குமணி அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். வேலு கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். காலையில், "அந்த ஆளைப் போய்ப் பாக்கணுமாம்மா?" என்று கேட்டிருந்தார். பாக்க வேணாம்ப்பா, கேட்டா போதும் என்று கூட்டி வந்திருந்தாள்.

ஏழாவது அத்தியாயத்திலிருந்து ஆசிரியரே வாசிப்பார் என்று அறிவித்தார்கள். விநாசித்தம்பி எழுந்தார், கறுப்புக் கோட்டின் பித்தானைப் போட்டார், புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தார். கதை அவருக்கு மனப்பாடம். ஆனால் கையில் பேப்பர் இருந்தால் பேப்பரில் இருப்பதைத்தான் வாசிப்பார். முப்பத்தாறு வருஷப் பழக்கம். குரல் முன்னால் போகும், பொருள் பின்னால் வரும்.

"எழுபத்தெட்டாம் ஆண்டு," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "வேலு என்னும் தோட்டத் தொழிலாளி சாட்சிக் கூண்டில் நின்றார். கிராணியிடம் என்ன செய்தாய் என்று கேட்டபோது, அவரிடம் நல்லபடியாகப் பேசினேன் என்றார்."

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் இன்னும் சிரிக்கவில்லை. அவர் அந்தச் சிரிப்புக்காக ஒரு மூச்சு நிறுத்தினார். வரவில்லை. தொடர்ந்தார்.

"என் வீட்டுத் தமிழில் பேசுவது என்றால் திட்டுவது. ஆகவே, நன்றாகத் திட்டினேன் என்று மொழிபெயர்த்தேன். அவரைத் திருப்பிக் கேட்கவில்லை. மாஜிஸ்திரேட் புன்னகைத்தார். அந்த மனிதருக்கு வேலையும் வீடும் போயின. என்னளவில் அது ஒரு ஃபேட்டல் எரர்."

எரர் என்ற சொல் மைக்கில் போய் மண்டபத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி அவர் காதுக்கு வந்தபோதுதான் பொருள் வந்து சேர்ந்தது. அவர் புத்தகத்தைப் பார்த்தார். அட்டையைத் திருப்பித் தலைப்பைப் பார்த்தார். மறுபடி ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் நீதிபதி, எழுபத்தெட்டில் செய்த அதே புன்னகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே வைத்திருந்தார்.

இது நான் எழுதியதில்லை என்று சொல்லலாம். சொன்னால், ஒரு பிழையும் இல்லை என்ற புத்தகத்தில் பிழை இருக்கிறது. அச்சுப்பிழை என்றால், பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்ததாக ஆகும். விநாசித்தம்பி வாயைத் திறந்தார், மூடினார். அதற்குள் யாரோ ஒருவர், என்ன பணிவு, என்ன பெருந்தன்மை என்று கை தட்டத் தொடங்கினார். நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டல் எந்தக் காரணத்துக்காக வந்தாலும் தலை வணங்கிப் பழகிய கழுத்து, வணங்கிவிட்டது. அந்த வணக்கத்தோடு அந்த ஆறு வாக்கியமும் சட்டப்படி அவருடையதாயிற்று.

கார்த்திகேசு மெல்ல எழுந்து நின்றார்.

"விநாசி, ஒரு சந்தேகம். எழுபத்தொண்டிலை பாலிக் புலாவ் கேஸ். என்ரை கட்சிக்காரன், மீன்காரன். அன்னைக்கு முழுக்க அவன்கிட்ட பேசிக்கிட்டுத்தான் இருந்தேன் எண்டு சொன்னவன். நீர் என்னெண்டு மொழிபெயர்த்தனீர்?"

விநாசித்தம்பி தண்ணீர்க் குவளையைத் தேடினார்.

"நாள் முழுக்க ஏசினவன் எண்டு சொல்லிப்போட்டார், நான் தோத்துப்போனன்," என்றார் கார்த்திகேசு, மண்டபத்துக்குப் பொதுவாக. "அப்பவே யோசிச்சனான், நாள் முழுக்க ஏச மனுசனுக்குத் தொண்டை காணுமோ எண்டு."

இடப்பக்கம் இன்னொரு கை உயர்ந்தது. "ஐயா, எங்க மாமா கேஸ் ஒண்ணு இருந்துச்சு, எழுபத்தஞ்சுல." அதற்குப் பின்னால் ஒரு பெண்மணி எழுந்தார். முப்பத்தாறு வருஷத்தில் பினாங்கிலும் கடலுக்கு அக்கரையிலும் எத்தனை பேர் பேசியிருப்பார்கள் என்று மண்டபம் கணக்குப் போடத் தொடங்கியது. நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் அதில் பங்கு உண்டு.

முதல் வரிசையில் யோகலட்சுமி பக்கத்தில் இருந்தவரிடம் சாய்ந்து, "வீட்டை போனால் எனக்குத்தான் பேச்சு விழும்," என்றார். சொல்லும்போது தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

மேடையிலிருந்து விநாசித்தம்பி கூட்டத்தை ஒவ்வொரு வரிசையாகத் தேடினார். கடைசி வரிசையில் அவர் கண் ருக்குமணியிடம் நின்றது. பிறகு அவளுக்குப் பக்கத்தில், கைகட்டி உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டையிடம் நகர்ந்தது. பத்தொன்பது வருஷமாக விருந்துகளில் அவர் காப்பியடித்த அதே கைகட்டு. இந்தத் தடவை அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ருக்குமணி கண்ணை எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார்.

வேலுவுக்கு ஆங்கிலம் தெரியாது. தன் பெயர் மைக்கில் வந்தது மட்டும் கேட்டிருந்தது. மகளின் பக்கம் மெல்லக் குனிந்தார்.

"என்னைப் பத்தி என்னமோ சொன்னாரே. என்னம்மா சொன்னாரு?"

"நீங்க நல்லாத்தான் பேசினீங்களாம்ப்பா."

வேலு மேடையைப் பார்த்தார். கட்டியிருந்த கையைப் பிரித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"அதைத்தானே நானும் அன்னைக்குச் சொன்னேன்," என்றார், முன்வரிசை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.